ஆறாம் மாதத்து அரிவாள்

சின்னக்குழந்தை என்கிறவள் அரிவாளைத் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. ஜவ்வாது மலையில் கேழ்வரகு போட்டுப் பிழைக்கிறவள் அரிவாள் இல்லாமல் அறுவடைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். கதிரைக் கையாலேயே ஒடிப்பாள். விரலெல்லாம் கிழியும். கூலிக்குக் கூப்பிடுகிறவர்கள் இவளை ஓர் ஆளாகவே எண்ணுவதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். 2019 டிசம்பரில் சூரிய கிரகணம் பிடித்த அன்று, ஆறு மாதக் கர்ப்பிணியாக இருந்தவள் கதிர் அறுத்தாள். மழை வந்துவிடும் என்று விரட்டி அனுப்பியதே மாமியார் ராணியம்மாள்தான். அதை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துபோனார்கள். பிறந்த பெண் அபிநயாவுக்கு ஒவ்வொரு கையிலும் இரண்டே விரல், நடுவில் பிளவு. கிரகணத்தில் அறுத்தாள், பிள்ளை விரல் அறுந்தது என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

பிள்ளைக்கு இரண்டு வயதானபோது பெங்களூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். கருவில் கைகால் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவர்களாம். வீட்டில் எல்லோர் எச்சிலையும் குழாயில் பிடித்துக்கொண்டார்கள். சின்னக்குழந்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அரிவாள் பிடித்ததாலா என்று. முடிவு வந்ததும் சொல்கிறோம் என்று கணவன் மாதையனின் போன் நம்பரை எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டில் இருந்தது அந்த ஒரு போன்தான்.

முடிவு வரவில்லை. அடுத்த வருடம் மாதையன் இவளையும் பிள்ளையையும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பூவிழி என்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டான்.

போன வாரம் அபிநயாவுக்குத் தடுப்பூசி போட வந்த நர்ஸ் நிவேதா, தன் போனில் ஒரு பத்திரிகைச் செய்தியைக் காட்டினாள். மூன்று வருடத்துக்கு முந்தியது. அதில் அபிநயாவின் கை படமாக இருந்தது. குறை தகப்பன் வழியில் வந்ததாம். சிலருக்கு வெளியே தெரியாமல் உடம்புக்குள்ளேயே இருக்குமாம், பிள்ளைக்குப் போய்ச் சேருவது பாதிக்குப் பாதியாம்.

“ரெண்டு மாசத்துக்குள்ளயே வவுத்துல வெரல் பிரிஞ்சி முடிஞ்சிடும்க்கா. நீ அறுத்தது ஆறாவது மாசம்” என்றாள் நிவேதா.

சின்னக்குழந்தைக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேராக மாதையன் வீட்டுக்குப் போனாள். அவன் வாசலில் உட்கார்ந்திருந்தான். ராணியம்மாள் புளி உலர்த்திக்கொண்டிருந்தாள். தெருவுக்கே கேட்கட்டும் என்று சின்னக்குழந்தை எல்லாவற்றையும் கத்திச் சொன்னாள்.

ராணியம்மாள்தான் எரிந்து விழுந்தாள். “அதான் அவனுக்குத் தெரியுமே. இன்னாத்துக்குக் கத்தற?”

“இன்னா தெரியும்?”

மாதையன் தலை குனிந்துகொண்டான். “அப்பவே பெங்களூர்க்காரங்க போன் பண்ணி சொன்னாங்க. பூவிழியப் பொண்ணு பாத்துட்டு வந்த வாரம். அத நான் எப்டி வெளிய சொல்றது?”

ஆண்பிள்ளையின் மானம் காக்க சின்னக்குழந்தையின் கை கிழிந்திருக்கிறது. காறித் துப்பத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் பூவிழி உள்ளேயிருந்து வந்து நின்றாள். ஐந்து மாத வயிறு. கிரகணம் இல்லாத நாளில்கூட அவளை அரிவாள்மணை பக்கம் விடாமல் வைத்திருந்தார்கள். அவள் புருஷனைப் பார்க்கவேயில்லை.

“அக்கா, இதுக்கும் வருமா?”

மூன்று வருடமாக நாசமாய்ப் போகட்டும் என்று இவள் சபித்துக்கொண்டிருந்த பெண்தான். இப்போது சாபமும் வரவில்லை, பொய்யும் வரவில்லை.

“வர்றதா இருந்தா, வந்து மூணு மாசம் ஆயிருக்கும்மா” என்றாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று வழியெல்லாம் மனது அடித்துக்கொண்டது. ஆனால் அந்த வீட்டில் பூவிழிக்கு உண்மையைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?