ஓடும் சர்வரில் கைவைத்த நாள்

முதலில் வந்தது இரைச்சல்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெங்களூரின் ஓரத்தில் பொம்மசந்திராவில் இருந்த எங்கள் சர்வர் அறையில், ஒரு வரிசை முழுக்க மின்விசிறிகள் திடீரென்று முழு வேகத்தில் சுழல ஆரம்பித்தன. பின்னாலேயே அடுத்த வரிசையும் அலறத் தொடங்கியது. மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறிய சிப்பில் எழுதியிருக்கும் ஃபர்ம்வேர்தான் சர்வரைக் கண்விழிக்கச் செய்யும், மின்விசிறியையும் அடக்கி வைக்கும். அது கெட்டால் சர்வர் வெறும் இரும்புப் பெட்டி. இத்தனை பெட்டிகள் ஒன்றாகச் செத்துப்போகும் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை.

எங்கள் டீம் லீட் பெங்களூரின் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். தமிழ்க்காரர்களுக்கு அவர் அக்கா, மற்றவர்களுக்கு மேடம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அதுவரை ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது என்றால், மானிட்டர் வைத்த டிராலியைத் தள்ளிக்கொண்டு சர்வர் சர்வராகப் போய் ஃபிளாப்பியைச் செருகிக் காத்து நிற்பதுதான். அக்கா எழுதிய புரோகிராம் அந்த வேலையை நெட்வொர்க் வழியாகத் தானே செய்தது. சோதனைக்கு எடுத்த சர்வர்களில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் வாரத்துக்கு ஒரு ரேக், அதாவது ஒரு அடுக்கு சர்வர்கள், என்று மெதுவாகப் போகலாம் என்றார். பொது மேலாளர் ஒப்பவில்லை.

"ஆட்டோமேட் பண்ணியாச்சு, அப்புறம் எதுக்கு வாரக்கணக்கு? ஒரே ஞாயித்துக்கிழமைல முடிச்சிடுங்க" என்று எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். கடைசியாக வாங்கிய சர்வர்களின் மதர்போர்டு, பார்வைக்கு அப்படியே இருந்தாலும், வேறு ரகம். அது எங்களுக்குத் தெரியாது. தயாரித்தவர்கள் தந்த குறிப்பிலும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எழுதிய புது ஃபர்ம்வேர் அவற்றுக்குப் பொருந்தாமல் அவற்றைச் சாகடித்தது.

பதறிப்போன டெக்னீசியன் ஒருவர் பவர் சுவிட்சை நோக்கி ஓடினார். "யாரூ முட்டபேடி" என்று அக்கா கன்னடத்தில் தடுத்தார். பாதி எழுதிய நிலையில் இருக்கும் சர்வரைத் தொட்டால் அதுவும் போய்விடும். புதிதாக எதுவும் தொடங்காதபடி புரோகிராமை நிறுத்திவிட்டு நிமிர்வதற்குள் போன் அடித்தது. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றின் ரிப்போர்ட்டுகளெல்லாம் எங்கள் சர்வர்களில்தான் இருந்தன. சிவாஜிநகர் கிளையில் ஜனங்கள் நிற்கிறார்கள், ஒருவருக்கு ரிப்போர்ட் கிடைத்தால்தான் ஆபரேஷன் என்றார்கள்.

புது சிப் வரவழைக்க நாள்கணக்காகும். அக்கா, அதே புது ரகத்தில் தப்பிப் பிழைத்த ஒரு சர்வரின் மூடியைத் திறந்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. சிப்பைக் கழற்றும் இடுக்கியை உள்ளே விட்டபோது நான் குறுக்கிட்டேன்.

"அக்கா, பவர் ஆன்ல இருக்கு."

"தெரியும். எழுந்தப்புறம் அதுக்கு சிப் வேணாம். வேண்டியதை மெமரில எடுத்து வச்சிருக்கும்."

பிடுங்கினார். சர்வர் ஓடிக்கொண்டே இருந்தது. செத்த சர்வரின் சிப்பை அதே இடத்தில் பொருத்தி, பழைய ஃபர்ம்வேரை அதில் எழுதி, மறுபடி கழற்றி, செத்த சர்வரில் திரும்பச் செருக என் கையில் கொடுத்தார். இப்படியே ஒவ்வொன்றாக. பரிசோதனை நிலையத்தின் சர்வர்தான் முதலில் எழுந்தது. கடைசி வரிசையின் இரைச்சல் அடங்கியபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. ஒன்றிரண்டு போர்டுகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

அந்த வாரமே அக்காவை வேலையிலிருந்து நீக்கினார்கள். அன்று காலை கேட்ட இரைச்சல்கூட என்னை இப்படி உலுக்கவில்லை. நாங்கள் நாலைந்து பேர் பொது மேலாளரின் அறைக்குப் போய், அவசரப்படுத்தியது நீங்கள்தானே என்று கேட்டோம். அவர் மறுக்கவே இல்லை.

"நான் சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா கஸ்டமர் ஒரு பேரு கேக்குறாங்க. என் பேரைக் குடுக்க முடியாதில்ல" என்றார், டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில். அக்காவை அனுப்பியவர்கள் அவருடைய புரோகிராமை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ரேக் ரேக்காக, அவர் முதலில் கேட்டபடியே ஓட்டினார்கள்.

இன்று நான் வேலை செய்யும் இடத்தில், எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட எனக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சர்வர்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்கின்றன. முதலில் கொஞ்சம், அவை சரியாக எழுந்தால் மீதி. ஒன்று எழாவிட்டாலும் புதுப்பிப்பு அங்கேயே நின்றுவிடும். இதைப் பார்த்து யாரும் வியப்பதில்லை.

சில வருஷங்கள் கழித்து அக்காவைப் பார்த்தேன். வேறு கம்பெனியில் நல்ல பதவியில் இருந்தார். அன்றைக்குப் பயமாகவே இல்லையா என்று கேட்டேன்.

"அங்க நடுங்கினா சிப்போட காலு வளைஞ்சிடும்பா. வீட்டுக்குப் போய் சாப்பாட்டுத் தட்டை எடுத்தேன், கை நிக்கவேயில்ல. அன்னிக்கு என் பையன்தான் எனக்கு ஊட்டிவிட்டான்."