புகையிலைச் சத்தி

புகையிலையை என் கண்ணில் காட்டக் கூடாது. அதை வைத்து என்னை மடக்கப் பார்த்தவர்களை அதைவிடக் காட்டக் கூடாது.

எழுபதுகளில் கலியாணம் முடித்து உரும்பிராயிலுள்ள கணவர் வீட்டுக்குப் போனேன். அப்போது கொக்குவில் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மருமகள் சைக்கிளில் வேலைக்குப் போவது மாமிக்கு அடியோடு பிடிக்கவில்லை. வயிற்றில் ஒன்று தங்கினால் வேலையை நிறுத்திவிடலாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்.

தவணை விடுமுறையில் ஒருநாள் விடிந்ததும் தோட்டத்தில் கெட்டு முறிக்க என்னை இழுத்துக்கொண்டு போனார். புகையிலைச் செடியின் பக்கக் குருத்துகளை ஒடித்தெடுக்கும் வேலை அது. இலையெல்லாம் பனி ஈரம். சேலை தோய்ந்து, கையில் பிசின் அப்பிவிட்டது. வீடு திரும்பியதும் தலை சுற்றியது. கிணற்றடியில் குந்தியிருந்து குடல் வெளியே வரும்வரை சத்தி எடுத்தேன்.

மாமி ஓடிவந்தார். என் தலையைப் பிடிக்க அல்ல, அயலைக் கூப்பிட.

“மருமேள் முழுகாமல் இருக்கிறாள்! இனிப் பள்ளிக்கூடமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.”

“மாமி, உது புகையிலை செய்த வேலை.”

“விசர்க்கதை கதையாதை. எங்களுக்கு வராத சத்தி உனக்கு மட்டும் எங்கையிருந்து வந்தது?”

இதைத்தான் நான் கரும்பலகையில் படம் போட்டுப் படிப்பிக்கிறேன். ஒரு நரம்புக் கலத்தின் முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் வெளியே வரும். அடுத்த கலத்தில் அதற்கென்றே வாங்கிகள் இருக்கின்றன. அதில் போய் ஒட்டியதும் சிறு வாசல் திறந்து, சோடியம் அயன்கள் உள்ளே பாயும். செய்தி போய்ச் சேரும். பிறகு ஒரு நொதியம் அசற்றைல்கோலினைச் சிதைக்க, வாசல் மூடும். புகையிலையில் இருக்கும் நிக்கொற்றினும் அதே வாங்கியில் ஒட்டும். ஆனால் அந்த நொதியத்தால் அதைச் சிதைக்க முடியாது. ஈர இலையிலிருந்து தோல் வழியாக ஏறினால், யாரும் அனுப்பாத செய்தியெல்லாம் வயிற்றுக்கும் தலைக்கும் போகும். நாளாந்தம் தொடுகிறவர்களின் வாங்கிகள் மரத்துப்போகும். அவர்களுக்குச் சத்தி வராது. இதைச் சொன்னால் அந்த வீட்டில் யாருக்குக் காது இருந்தது?

ஒரு வாரத்தில் மாதவிலக்கு வந்தது. “சைக்கிள் உழக்கிக் கலைச்சுப்போட்டாள்” என்று மாமி வேலிக்கு வேலி சொன்னார். இல்லாத பிள்ளைக்கு நான் கொலைகாரி. தவணை தொடங்கினாலும் பள்ளிக்கூடம் போகக் கூடாது என்று தீர்ப்பும் வந்தது. என் கணவர் குனிந்த தலை நிமிராமல் சோறு தின்றுகொண்டிருந்தார். எனக்குப் பற்றி எரிந்தது.

தோட்டத்துக்குப் போய் அவரை மறித்தேன். “நீங்கள் ஒண்டும் சொல்லமாட்டியளோ?”

மெல்லச் சொன்னார்: “முதல்தரம் கெட்டு முறிச்ச அண்டைக்கு நானும் சத்தி எடுத்தனான். எல்லாருக்கும் வாறதுதான்.”

“அதைப் போய் உங்கடை அம்மாட்டைச் சொல்லுங்கோ.”

“அவவுக்குத் தெரியும். அவதானே எனக்குத் தலையைப் பிடிச்சுவிட்டவ.”

நான் வேலையை விடவில்லை. அவரை மாமி என்று கூப்பிடுவதைத்தான் விட்டேன்.