அப்பா அசைந்த படம்

தீப்பெட்டிக்குள் அடைபட்ட பொன்வண்டு சுற்றுவதுபோல் 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். எழுபதுகளின் தொடக்கத்தில், பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் 'லயத்து' வாசலில் பனி விலகாத ஒரு காலையில் கேட்டது. பிலிம் கேமராவுக்கு, தானாகப் படமெடுக்கும் டைமர் தேவைதானா என்று சிநேகிதர்கள் வாதம் செய்யும்போதெல்லாம் அந்தச் சத்தத்தைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன்.

அப்பா தோட்டத்து பாக்டரியில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். ஊர் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விட்டுப்போன கேமரா அவரிடம் இருந்தது. அதன் முகப்பில் டைமருக்கென்று இருந்த சின்னப் பிடியை 'ஆட்டோ' என்பார்; தொடவே விடமாட்டார். அம்மா கேட்டால், "ஏட்டி, லயம் பூரா ஆளு கெடக்கு. பட்டன அமுக்க எந்திரம் எதுக்கு?" என்பார். ஆனால் அந்த ஆட்களில் ஒருவர் கையிலும் கேமராவைக் கொடுக்கமாட்டார், கை ஆடுமாம், தலையை வெட்டிவிடுவார்களாம். ஆகவே எங்கள் வீட்டுப் படங்களிலெல்லாம் அம்மா, அக்கா, நான். அப்பா எதிலும் இல்லை.

அக்காவைத் தூரத்து ஊரான கஞ்சிக்கோட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, மறுவீடும் முடிந்து, அவள் புறப்பட வேண்டிய காலை அது. மாப்பிள்ளை பஸ்ஸை நிறுத்த முன்னால் போய்விட்டார். பெட்டியைத் தூக்க வந்த அப்பாவிடம் அக்கா சொன்னாள்: "நீங்க இல்லாத படத்தக் கொண்டுபோயி நான் என்ன செய்ய? நீங்களும் நின்னாத்தான் பஸ் ஏறுவேன்."

பிலிமில் மிச்சம் ஒரே ஒரு படம்.

பக்கத்து வீட்டு மூக்காயி அத்தை, "நின்னுதான் பாருங்கண்ணே, ஒங்க அழகு கொறஞ்சா போயிரும்?" என்று சீண்டினாள். அப்பா கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து, மேலே பலகை போட்டு, கேமராவை உட்காரவைத்தார். பிடியைத் திருகிவிட்டு ஓடிவந்து அக்கா பக்கத்தில் நின்றார்.

சீராக ஓடிய சத்தம், முடியப்போகும் நேரத்தில் சட்டென்று மாறியது. அது அப்படித்தான் மாறும் என்பது, ஒருநாளும் அதை ஓடவிடாத அப்பாவுக்கு எப்படித் தெரியும்? பாக்டரியில் எந்திரச் சத்தம் மாறினால் சாப்பிடுகிற சோற்றை விட்டுவிட்டு ஓடிப் பழகிய கால்கள் அவருடையவை. "ஐயையோ, சிக்கிட்டு!" என்று அவர் பாய, "அப்பா, நில்லுங்க!" என்று அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுக்க, 'டிக்'.

"போச்சு, கடைசிப் படமும் பாழு" என்று அப்பா தலையில் கைவைத்தார். அக்கா சிரிப்பும் அழுகையுமாகப் பஸ் ஏறினாள்.

கழுவி வந்த படத்தில் அம்மாவும் நானும் வாயைப் பிளந்து நிற்கிறோம். அப்பாவின் ஒரு கால் தரையில் இல்லை. ஆனால் முகம், அக்கா இழுத்த இழுப்பில் அவள் பக்கம் திரும்பி, அத்தனை தெளிவாக விழுந்திருந்தது. கஞ்சிக்கோட்டு வீட்டில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் அக்கா அதை மாட்டினாள். "எங்கப்பா நிக்க மாட்டாரு, நாந்தான் பிடிச்சு நிறுத்துனேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

இப்போது அந்த லயத்து வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். அந்த 'ஆட்டோ'வின் சுருள்வில்லும் ஒருநாள் அறுந்துபோனது. அப்பாவாலேயே சரிசெய்ய முடியவில்லை. வேலையிலிருந்து ஓய்ந்து அவர் அக்கா வீட்டோடு வந்துவிட்டார். படமெடுப்பது இப்போது நான். போன பொங்கலன்று என் கேமராவை அக்கா வீட்டு ஜன்னல் விளிம்பில் வைத்து, டைமரைத் தட்டிவிட்டு, ஓடிவந்து எல்லாரோடும் நின்றேன். சத்தம் மாறியது. அப்பாவின் கால் எழும்பியது.

கஞ்சிக்கோட்டிலேயே பிறந்து வளர்ந்த அக்கா மகள் அதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்: "அசையாதீங்க தாத்தா, அது அப்படித்தானுங்க கத்தும்!"