அனிமோன் கால் ஊன்றும்வரை

என் மனைவிக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கோ அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. இருவருக்கும் வேலை புனேவின் ஹிஞ்சேவாடியில், வீடு அதே ஊர் ஔந்தில். நான் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவன். அவள் அடுத்தவர் எழுதிய நிரலில் பிழை கண்டுபிடிக்கிறவள். கண்டுபிடிப்பதற்கு வீட்டிலும் அவளுக்குப் பஞ்சமில்லை.

எங்கள் கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. கோயம்புத்தூரை விட்டுப் புனேவுக்கு வந்த இரண்டாம் வருடம் அவள் ஆரம்பித்தது. பாறைகள், காளான் மாதிரி விரியும் மென்பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு ஜோடி க்ளவுன் மீன்கள். இல்லாதது அனிமோன் ஒன்றுதான். அது பார்வைக்குப் பூ, பிறப்பால் பிராணி. அடியில் இருக்கும் ஒற்றைக் காலால் பாறையைப் பற்றிக்கொண்டு, மேலே விரல் விரலாக விரிந்து ஆடும். க்ளவுன் மீனுக்கு அதற்குள் குடியிருப்பதைவிடப் பெரிய சுகம் கிடையாது. ஆனால் அனிமோனுக்கு இடம் பிடிக்கவில்லையென்றால் மெல்ல ஊர்ந்து வேறு இடம் தேடும். செத்துப்போனால் கரைந்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் நாறடித்துவிடும்.

இந்த வருடம் மழை விட்டபிறகு அவள் இரண்டு அனிமோன்கள் வாங்கினாள். ஊரின் மறுகோடியில், லோஹேகாவில் ஒரு விமானப்படைக் குடும்பம், இடமாற்றம் வந்து தொட்டியைக் கலைத்துக்கொண்டிருந்தது. அவர்களிடம் இருந்த ஒரே அனிமோன் தானாகப் பிரிந்து பிரிந்து ஐந்தாகியிருந்தது. அந்த வீட்டு அம்மாள் இந்தியில் ஒன்றைத் தெளிவாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு சாமான் லாரி வருகிறது. அதற்குள் இவை ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் திருப்பிக் கொண்டு வாருங்கள், மும்பையில் ஒருவர் வாங்கக் காத்திருக்கிறார்.

வரும்போது தெர்மகோல் பெட்டி அவள் மடியில் இருந்தது. காரை முப்பதுக்கு மேல் ஓட்ட எனக்கு அனுமதியில்லை. பின்னால் வந்த ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாரும் மராத்தியில் என்னை வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் விட்டுவிடலாம் என்று நினைத்தது என் அறியாமை. அனிமோன்களை ஒரு வாளியில் வைத்தாள். தொட்டியிலிருந்து மெல்லிய காற்றுக்குழாய் ஒன்றை வாளிக்கு இறக்கி, நடுவில் முடிச்சுப் போட்டாள். எங்கள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர்கள் தண்ணீரில் விழுந்தது.

"முடிச்சக் கொஞ்சம் தளத்தட்டுமா?" என்றேன்.

"அது பொறந்ததுல இருந்து இன்னொருத்தர் வீட்டுத் தண்ணியில இருந்துருக்குதுங்க. நம்ம தண்ணி அதுக்குப் பழகோணும். நீங்க போயி டீ வெய்யுங்க, போங்க."

வைத்தேன். குடித்தோம். இன்னொரு தடவையும் வைத்தேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பதை என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். இரண்டரை மணி நேரம் கழித்து அவள் தொட்டியில் அலை கிளப்பும் பம்புகளை நிறுத்தினாள். தோள்வரை வரும் கையுறையை மாட்டிக்கொண்டு, முதல் அனிமோனை ஒரு பாறைக் குழிவில் இறக்கினாள். அதை அழுத்தவில்லை, பிடிக்கவுமில்லை. உருண்டு விழுந்துவிடாதபடி உள்ளங்கையைக் குவித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அலுவலகத்திலிருந்து போன் அடித்தது, எடுக்கவில்லை. தோள் கடுத்திருக்கும், முகத்தில் காட்டவில்லை. இருபது நிமிடம் கழித்து அந்தக் கால் பாறையில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதற்கு இன்னும் கூடுதல் நேரம் பிடித்தது. பிறகு பம்பு வாய்களுக்கெல்லாம் ஸ்பாஞ்ச் கட்டினாள். இடம் தேடிக் கிளம்பும் அனிமோன் பம்பில் சிக்கினால் கூழாகிவிடும். விளக்கு வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்தாள். ஒரு வாரத்துக்குத் தீனி கிடையாது, தொடுவது கிடையாது, கண்ணாடியைத் தட்டுவது கிடையாது.

"கையக் கட்டிட்டு நின்னு பாருங்க, போதும்" என்றாள் என்னிடம்.

அப்படி ஒரு பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. இவள் எனக்கு வாய்த்தது என் அதிர்ஷ்டம் என்று அப்போது தோன்றியது. ஆனால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் டீ டம்ளர்களைக் கழுவப் போனேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன வருடமும் ஓர் அனிமோன் இருந்தது. கடையில் வாங்கியது. அது வந்த மூன்றாம் நாள் ஊர்ந்துபோய்ப் பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அது நவராத்திரி வாரம். கொலுவுக்கு வருகிறவர்களிடம் அனிமோனைக் காட்டுவதாக எங்கள் கட்டடம் முழுக்க நான் தம்பட்டம் அடித்திருந்தேன். அன்று சாயங்காலம் அவளுடைய கம்பெனி வண்டி ஹிஞ்சேவாடி நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. அவள் வருவதற்குள் அதை முன்னால் கொண்டுவந்துவிடலாம் என்று கையை விட்டேன். அது விடவில்லை. கழுத்தில் ஆபீஸ் ஐடி கார்டு தொங்கியது. அதைக் கழற்றி, காலுக்கும் பாறைக்கும் நடுவே செருகி நெம்பினேன். வந்தது. வரும்போது தோல் மாதிரி ஏதோ கிழிந்து தண்ணீரில் மிதந்தது. சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். முன்பக்கம் வைத்தேன். கொலுவுக்கு வந்த மராத்திப் பெண்கள் எல்லாரும் அழகு அழகு என்றார்கள். அதுவாகவே முன்னால் வந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அதிலிருந்து நாலாம் நாள் அது செத்துப்போனது.

அவள் உட்கார்ந்து யோசித்தாள். கொலு வேலைக்கு நடுவே தொட்டிக்கு மாற்றத் தான் கலந்த உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று முடிவு செய்தாள். "அவசரப்பட்டுட்டனுங்க" என்றாள். அவசரம் என்ற பழியை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருடம் ஓடிவிட்டது. அந்த ஒரு வருடமும் அவள் கலந்த ஒவ்வொரு வாளித் தண்ணீரையும் மூன்று முறை சோதித்தபிறகே தொட்டியில் ஊற்றினாள்.

புதிதாக வந்த இரண்டில் முதலாவது வைத்த இடத்திலேயே நிலைத்தது. இரண்டாவது புதன்கிழமை கிளம்பியது. கண்ணாடி ஓரமாக ஊர்ந்து, பம்பு பக்கம் போய்த் திரும்பி, மணலில் விழுந்தது. வியாழக்கிழமை கரண்ட் போனபோது அது நனைந்த துணிபோலச் சுருங்கிக் கிடந்தது. வெள்ளிக்கிழமை அதன் வாய் பிளந்திருந்தது. அவள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு உப்பு, வெப்பம் என்று எல்லாவற்றையும் அளந்தாள். எல்லாம் சரியாகவே வந்தது.

"நம்பர் சரியாத்தான் இருக்குது. போன தடவையும் நம்பர் சரியாத்தானுங்க இருந்துச்சு" என்றாள். "எங் கையில உசுரு தங்க மாட்டேங்குது."

சனிக்கிழமை சாயங்காலம் லோஹேகாவுக்குப் போன் செய்து, காலையில் இரண்டையும் கொண்டுவருவதாகச் சொன்னாள். மும்பைக்காரருக்கு மீன் ஜோடியும் வேண்டுமா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகப்போவது அனிமோன் மட்டுமல்ல. ஆறு வருடமாக அவள் வளர்த்த தொட்டி மொத்தமும் போகப்போகிறது. தெர்மகோல் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, நன்றாக ஒட்டியிருந்த முதல் அனிமோனைப் பெயர்க்கக் கையை இறக்கினாள்.

"அதத் தொடாத" என்றேன்.

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"போன வருசம் செத்தது உன் தண்ணியால இல்ல. நாந்தான் அதப் பிச்சுப்போட்டேன்."

அவள் கத்தவில்லை. வேலையிடத்தில் பிழை விசாரிக்கிற அதே குரலில் கேட்டாள்.

"எதுல பிச்சீங்க?"

"ஐடி கார்டுல."

"எந்நேரம்?"

"அஞ்சரை இருக்கும். நீ வண்டியில இருந்த."

"கால் கிழிஞ்சுதா?"

"கிழிஞ்சுது."

"கிழிஞ்சத நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

கையுறையைக் கழற்றி வாளியில் போட்டாள். லோஹேகாவுக்கு மறுபடி போன் செய்து, அனிமோன்களைத் தானே வைத்துக்கொள்வதாகவும் சிரமத்துக்கு மன்னிக்கும்படியும் இந்தியில் மரியாதையாகச் சொன்னாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுத்த மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த மூன்று நாளும் தொட்டியை அவள் கவனித்த விதத்தை நான் கவனித்தேன். நோஞ்சான் அனிமோனைத் தூக்கி நல்ல இடத்தில் வைக்க வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. அவள் அதைத் தொடவேயில்லை. அது மணலில் எந்தத் திசையில் நகர்கிறது என்று பார்த்து, வழியில் இருந்த இரண்டு மென்பவளங்களை மட்டும் எடுத்து அப்பால் வைத்தாள். ஒரு பம்பின் வேகத்தைக் குறைத்தாள். இடத்தை அதுவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தன் தண்ணீரை அவள் மறுபடி நம்ப ஆரம்பித்திருந்தாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். இவ்வளவு கெட்டிக்காரியை ஒரு வருடம் தன்மேலேயே சந்தேகப்பட வைத்தவன் நான் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து வந்ததும் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க வாங்க."

வலது பக்கப் பாறைக்கு அடியில் ஒரு பிளவுக்குள் அந்த அனிமோன் காலை நுழைத்திருந்தது. வாய் மூடியிருந்தது. உடம்பு ஊதி, ஒவ்வொரு விரலின் நுனியிலும் ஒரு குமிழ் திரண்டிருந்தது. பெரிய க்ளவுன் மீன் ஒரு தடவை உரசிவிட்டு ஓடியது. மறுபடி வந்தது. மூன்றாம் தடவை உள்ளே புகுந்து உடம்பைப் புரட்டியது. என் மனைவி தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன்.

"நல்லாப் புடிச்சுருச்சு" என்றேன்.

"நீங்க அதப் பிச்சதுகூடப் பரவால்லீங்க" என்றாள். மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. "ஒரு வருசம் ஒவ்வொரு வாளியவும் பயந்து பயந்து மூணு தடவ சோதிச்சுத்தான் ஊத்துனனுங்க. நீங்க பக்கத்துல நின்னு பாத்துட்டுதான இருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.