நெட்டையும் குட்டையும் ஒரே நேரத்தில்

என் மருமகளின் இடது கை பீங்கான் கல்வத்தைப் பிடித்திருக்கும். வலது கை குழவியை அழுத்திச் சுற்றும். கல்வத்துக்குள் திரவ நைட்ரஜன் புகைந்துகொண்டிருக்கும். பத்து நாள் நாற்றுகள் அந்தக் குளிரில் கண்ணாடி போல நொறுங்கிப் பச்சை மாவாகிவிடும். அவள் மறந்து வைத்த சாவியைக் கொடுக்கப் போனபோது கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆய்வகத்தில் அவளுக்கு அம்மிக்காரி என்று பட்டப்பெயர்.

அந்த மாவிலிருந்து புரதங்களைப் பிரித்து ஒரு பெரிய இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அது பட்டியல் போடும். அளவுகோல் வைத்தால் செடியின் உயரம்தான் தெரியும், உள்ளே எது வேலை செய்கிறது, எது முடங்கிக் கிடக்கிறது என்பது புரதத்தைப் பார்த்தால்தான் தெரியும் என்பாள். நோயாளிகளைக் கவனித்தே முப்பது வருடம் போன எனக்கு இதை இரண்டாம் முறை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் வளர்த்தது ஒரே செடியின் இரண்டு வகை. ஒன்று ஒழுங்காக வளரும். இன்னொன்று ஒரு மரபணு கெட்டதால் வளராமல் நின்றுவிடும். நெட்டை, குட்டை என்றுதான் அழைப்பார்கள். மூன்று முறை வளர்த்து, வெட்டி, அரைத்துப் பார்த்ததில் நாற்பத்தொரு புரதங்களின் அளவு இரண்டுக்கும் இடையே வேறுபட்டது. குட்டை ஏன் குட்டை என்பதற்கு விடை கிடைத்துவிட்டதாக ஆய்வகத் தலைவிக்கு ஒரே சந்தோஷம். வெள்ளிக்கிழமை ஒரு குழுவின் முன் அதைச் சொல்ல வேண்டும். ஆய்வு தொடருமா என்று அந்தக் குழுதான் முடிவு செய்யும். ஆய்வு நின்றால் மருமகளின் வேலையும் நிற்கும். ஆறு வருடமாக அவள் தற்காலிகம்தான்.

புதன்கிழமை மாலை அவள் பாத்திரம் தேய்த்த வேகத்தைப் பார்த்து என் மகன் கேட்டான். "என்ன, வெள்ளிக்கிழமை அறிக்கையில உன் பேரை விட்டுட்டாங்களா?"

"விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். தப்பு என்னோடது."

மூன்று முறையும் நெட்டையைக் காலையிலும் குட்டையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெட்டியிருக்கிறாள். குட்டை பொடிசு, வெட்ட நேரம் பிடிக்கும் என்று தள்ளி வைத்ததுதான் காரணம். செடிக்குள் சில புரதங்கள் பொழுதோடு கூடும், குறையும். அந்த நாற்பத்தொன்றில் பாதிக்கு மேல் அந்த ரகம் என்று அன்றுதான் கவனித்தாள். ஒருவருக்கு வெறும் வயிற்றிலும் இன்னொருவருக்குச் சாப்பிட்ட பிறகும் சர்க்கரை பார்த்துவிட்டு, இரண்டாமவருக்குத்தான் நோய் என்று சொல்வதைப் போன்ற கூத்து அது.

"யாருக்குத் தெரியப்போகுது? வெள்ளிக்கிழமை தாண்டட்டும்" என்றான் மகன்.

"நோட்டுல நேரம் எழுதியிருக்கேன்."

"உன் கையெழுத்தை எவன் படிப்பான்?"

"நான் படிச்சேன்ல?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அத்தை, யோசனை கேக்கல. சொல்லப்போறேன்னு சொல்றேன்."

"சாப்பிடறதுக்கு முன்னாடி சொல்லிடு. சோறு உள்ள போனா தைரியம் தூங்கிடும்" என்றேன்.

கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டாள். தலைவி முழுவதும் கேட்டுவிட்டுக் கத்தினார். "மூணு மாச வேலைம்மா! இதை இன்னைக்குத்தான் பாத்தியா?"

"இன்னைக்காவது பாத்தேனே மேடம். நாலாவது தடவைக்கு உபரியா விதைச்ச தட்டுங்க இருக்கு, நெட்டைக்கு ஒண்ணு, குட்டைக்கு ஒண்ணு. நாளைக்குப் பத்தாம் நாள். ரெண்டு வகையையும் ஒரே நேரத்துல வெட்டிடலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு வராதே."

"வராது. வர்றப்ப நாற்பத்தொண்ணும் காணாமக்கூடப் போகலாம்."

"குழுகிட்ட நான் என்ன சொல்றது?"

"வெட்டின நேரம் தப்பு, திரும்பச் செய்யறோம்னு சொல்லுங்க. தப்பு செஞ்சது யாருன்னு கேட்டா என்னைக் காட்டுங்க."

"நாளைக்கு வெட்ட எத்தனை பேர் வேணும்?" என்றார் தலைவி.

"ரெண்டு பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு நீங்க வந்தா நல்லது."

"நான் கத்தரிக்கோல் பிடிச்சே ஏழு வருஷம் ஆச்சு."

"கத்தரிக்கோல் மாறல மேடம்."

மறுநாள் காலை எட்டரைக்கு இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். தலைவி நெட்டைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். மருமகள் அதைப் பிடித்து நிறுத்தினாள். நெட்டையை ஒருவரும் குட்டையை ஒருவரும் வெட்டினால், நேர வித்தியாசம் போய்க் கை வித்தியாசம் வந்து உட்காரும். ஆளுக்குப் பாதி நெட்டை, பாதி குட்டை என்று பிரித்து, மாற்றி மாற்றி வெட்டி நைட்ரஜனில் போட்டார்கள். ஒவ்வொரு குழாயிலும் நேரத்தையும் வெட்டியது யார் என்பதையும் எழுதினாள். ஒன்பது பத்துக்குக் கடைசி நாற்று முடிந்தது. தலைவி கையுறையைக் கழற்றினார். குழுவின் செயலாளரைப் போனில் அழைத்து, வெள்ளிக்கிழமை அந்த நாற்பத்தொரு புரதங்களின் பட்டியல் வராது, அதற்குக் காரணம் மட்டும் வரும் என்று சொன்னார்.