டிரான்ஸ்ஃபர் ஆனவன் திரும்பி வந்த திங்கட்கிழமை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குப் பிரிவுபசார விழா நடந்தது. திங்கட்கிழமை காலை அதே அலுவலகத்தில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

டிரான்ஸ்ஃபர் — அகராதியில் 'இடம் மாற்றுதல்' என்று சாதுவாகத்தான் இருக்கிறது. அரசு அலுவலகத்தில் அதற்கு எத்தனை அர்த்தம்? கேட்காதவருக்குத் தண்டனை, கேட்டவருக்கு வரம். 'தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்' என்று அதிகாரி சொன்னால் மிரட்டல். சிதம்பரத்தில் வீடு, கடலூரில் வேலை என்று பத்து வருடம் பஸ்ஸில் தொங்கிய எனக்கோ... மோட்சம்.

சிதம்பரத்துக்கே ஆர்டர் வந்ததும் தலைகால் புரியவில்லை. சால்வை போட்டார்கள். மைக்கையும் கொடுத்தார்கள். அதுதான் வினை. இனிமேல் இவர் முகத்தில் விழிக்கவா போகிறோம் என்ற தைரியத்தில் எங்கள் சூப்பிரண்டண்ட்டை வாரிவிட்டேன்.

"பத்து வருஷமா தினமும் குட்மார்னிங் சொல்லியிருக்கேன். சார் ஒரு நாள்கூடத் திரும்பிப் பாத்ததில்ல. நம்ம டேபிள் ஃபேன்கூட அப்பப்ப என் பக்கம் திரும்பும்."

ஒரே கைதட்டல். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அன்று அது வெற்றியாகத் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை போன் வந்தது. டிரான்ஸ்ஃபர் ரத்து. நிர்வாகக் காரணமாம்.

மனைவி கேட்டாள்: "சால்வையை வாங்கிக்கிட்டு வர வேண்டியதுதான? அங்க என்னா பேச்சு வேண்டிக் கெடக்கு? இப்ப அந்த மனுசன் மூஞ்சில எப்புடி முழிப்பீங்க?"

என் கவலையும் அதேதான். லீவு போடலாமா என்று யோசித்தேன். எத்தனை நாளைக்கு? ரிட்டயர் ஆக இன்னும் ஏழு வருடம் இருக்கிறதே...

திங்கட்கிழமை, வழக்கம்போல அவர் மேஜைக்கு வாசல் பக்கமாக நின்று, "மன்னிச்சிடுங்க சார்" என்று முனகினேன். பதில் இல்லை. சத்தமாகச் சொன்னேன். நிமிர்ந்தார்.

"உக்காருங்க. எனக்கு வலது காது சுத்தமா கேக்காது. வெளிய தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லிக்கல. அந்தக் காது இருக்குற வாசப் பக்கமா நின்னு நீங்க என்னா சொல்றீங்கன்னு எனக்கு எப்புடித் தெரியும்? அன்னிக்கு மைக்குல பேசுனீங்க... எல்லாம் கேட்டுச்சு."

கூனிக் குறுகிப் போனேன். மனிதர்களைப் படிப்பது எப்படி என்று வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் அளக்கிற ஆசாமி நான். பத்து வருடம் ஒரே அறையில் இருந்தவருக்கு ஒரு காது கேட்காது என்பது தெரியவில்லை.

இப்போதெல்லாம் அவருடைய இடது பக்கம் போய் நின்று குட்மார்னிங் சொல்கிறேன். அவரும் சொல்கிறார்.

பத்து வருடமாக நான் கேட்டது நாற்பது சொச்சம் கிலோமீட்டர் டிரான்ஸ்ஃபர். எனக்குத் தேவைப்பட்டதென்னவோ... நாலே அடி!