மாடி அறைப் பெண்ணின் மொழி

தண்டையார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடியில் ஒற்றை அறை ஒன்று உண்டு. போன வருஷம் அதில் வடக்கிலிருந்து ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். அவன் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் ஒப்பந்த வெல்டர். "அக்கா, தண்ணி வந்துச்சா?" என்று கேட்கிற அளவுக்குத் தமிழ் கற்றிருந்தான். அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். எதிர்ப்பட்டால் சிரிப்பாள், அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

அன்று காய்ச்சலென்று நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் அவள் படியிறங்கி வந்து என் வாசலில் நின்று ஏதோ சொன்னாள். எனக்குத் தெரிந்த இந்தியில் "க்யா ஹுவா?" என்றேன். முன்னைவிட வேகமாகப் பேசினாள். அது இந்தி இல்லை என்பது மட்டும் புரிந்தது.

அவள் புருஷனுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்கு உள்ளே போகும்போது போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்களாம்.

கறிக்கடை பாயைக் கூப்பிட்டேன். வீட்டில் உருது பேசுகிறவர், இந்தியும் நன்றாக வரும். இரண்டிலும் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இன்னா பாஷைன்னே பிரியலம்மா."

எதிர்வீட்டு அக்கா தெலுங்கில் கேட்டாள். அந்தப் பெண் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையை விரித்து, இல்லை இல்லை என்பதுபோல் ஆட்டினாள்.

"துன்னாம கீது போல, பாவம்" என்று சொல்லி அக்கா ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் தட்டைத் தள்ளிவிட்டாள். வலிக்கிறதா என்று முகத்தைச் சுளித்துக் காட்டினேன். அதற்கும் தலையாட்டினாள். ஆமாம் என்கிறாளா, இல்லை என்கிறாளா? என் போனில் மொழிபெயர்க்கும் ஆப் இருந்தது. எந்த மொழியிலிருந்து என்று கேட்டது. அது தெரிந்தால்தானே.

கடைசியில் அவள் பேச்சை நிறுத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்காமல் அப்படியே நின்றேன். நானும் இரண்டு பெற்றவள். உள்ளே ஓர் அசைவுக்காக என் கை தானாகவே காத்திருந்தது. எதுவும் இல்லை.

"அக்கா, ஆட்டோ கூப்புடு" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைத்தான் கேட்டாள். "எப்பலேர்ந்து அசைவு இல்ல?"

"தெரியலம்மா."

"நேத்தா, இன்னிக்கா? கேட்டுச் சொல்லுங்க."

அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று என்பதை எப்படிக் கையால் காட்டுவது?

ஸ்கேன் எடுத்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இதயத் துடிப்பு இல்லை என்றார். திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அது என்ன கேள்வி என்று சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. பதில் என்னிடம் இருந்தது. சொல்ல ஒரு வார்த்தை இல்லை. தமிழில் சொல்லியிருந்தாலும் புரிந்திருக்குமோ என்னவோ, எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. தலையைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் என்னிடம் விஷயம் கேட்டுக்கொண்டு அவள் புருஷன் வேலை உடுப்போடு ஓடிவந்தான். குனிந்து அவள் காதருகே ஏதோ சொன்னான். இரண்டு மூன்று வார்த்தைதான் இருக்கும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது இன்னா பாஷை தம்பி?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"சந்தாலி அக்கா. அவளுக்கு அது ஒண்ணுதான் வரும்."

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் பெண் குழந்தை பிறந்தது, உயிரில்லாமல்.

வீட்டுக்கு வந்த பிறகு, அவன் வேலைக்குப் போயிருந்த ஒரு பிற்பகலில், அவள் என் சமையலறையில் வந்து தரையில் உட்கார்ந்தாள். தானாகவே பேச ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், அவசரமில்லாமல், இடையிடையே நிறுத்தி. குழந்தையைப் பற்றியா, தன் அம்மாவைப் பற்றியா, எங்களைப் பற்றியா? நான் அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து 'ம்' கொட்டினேன். அவள் நிறுத்தும் இடமெல்லாம் 'ம்' என்றேன். முடித்ததும் எழுந்து, முகம் கழுவிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அடுத்த மாதம் ஊருக்குப் போய்விட்டார்கள். அன்று அவள் என்ன சொன்னாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.